முழுச் சைவமாக ஒரு பஸ்கா விருந்து: முதல் கேள்வியிலிருந்து நான்காவது கோப்பை வரை

யூதர்கள் எகிப்திலிருந்து வெளியேறியதைக் கொண்டாடும் பஸ்கா பண்டிகையின் முதல் இரவில் யூத வீடுகளில் நடக்கும் செடர் விருந்தைக் கோழி, இறைச்சி, மீன் எதுவும் இல்லாமல் நிறைவாக நடத்த முடியும். நான் வாழ்க்கைப்பட்டது டொரோண்டோவில் ஒரு யூத வீட்டில். கணவர் குடும்பம் போலந்து வழி வந்த அஷ்கனாசிகள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள். நாத்தனார் போனது மொராக்கோ வழி செஃபார்டி வீட்டுக்கு. ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, துருக்கி பக்கத்து யூதர்களைச் செஃபார்டி என்பார்கள். சில வருடங்களாக முதல் இரவுச் சமையல் என் பொறுப்பு, அது முழுக்கச் சைவம். உதவிக்கு வரும் தமிழ்த் தோழிகளும், புதிதாகச் சைவத்துக்கு மாறிய யூத உறவினர்களும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அந்த இடங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விருந்துக்கு இரண்டு சல்லடை உண்டு. ஒன்று சைவம், இன்னொன்று பஸ்கா விதி. ஒவ்வொரு பொருளும் இரண்டிலும் தேற வேண்டும். சைவச் சமையலின் முதுகெலும்பான அரிசி, பருப்பு, கோதுமை மூன்றும் இரண்டாவது சல்லடையில் மாட்டிக்கொள்ளும். அதனால் சமையல் குறிப்பைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

கீழே உள்ள அளவுகள் பத்துப் பேருக்கு.

1. மூன்று வாரம் முன்பு: விருந்தினரிடம் கேளுங்கள்

பட்டியல் போடுவதற்கு முன் தொலைபேசியை எடுங்கள். ஒவ்வொரு குடும்பத்திடமும் நான் கேட்பவை இவை.

"உங்கள் வீட்டில் கிட்னியோட் சாப்பிடுவீர்களா?" கிட்னியோட் என்பது அரிசி, பருப்பு, பயறு வகைகள். அஷ்கனாசி வழக்கத்தில் பஸ்கா நாட்களில் இவை கிடையாது. செஃபார்டிகள் சாப்பிடுவார்கள், ஆனால் அதிலும் ஒரே மாதிரி இல்லை. மொராக்கோ வழிக் குடும்பங்கள் பலவற்றில் அரிசியைத் தொடமாட்டார்கள். அமெரிக்க யூதர்களில் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 2015ல் கிட்னியோட்டை எல்லோரும் சாப்பிடலாம் என்று அனுமதித்தது. ஆனாலும் பழக்கத்தை விடாத குடும்பங்கள் நிறைய. ஆகவே ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்.

"நனைந்த மாட்சா சாப்பிடுவீர்களா?" இந்தக் கேள்வி விசித்திரமாகத் தெரியும். மாட்சா என்பது புளிக்கவிடாமல் சுட்ட மொறுமொறு ரொட்டி. அது தண்ணீரில் பட்டால் அதற்கு கெப்ராக்ட்ஸ் என்று பெயர். ஆசாரம் மிகுந்த ஹசிடிக் பிரிவுக் குடும்பங்கள் பலவற்றில் பஸ்காவில் அதைச் சாப்பிடுவதில்லை. அப்படி ஒருவர் வருகிறார் என்றால் மாட்சா உருண்டை சூப்பும் மாட்சா அடுக்கு அடையும் அவருக்கு இல்லை.

"சைவம் என்றால் உங்களுக்கு முட்டை உண்டா, பால் உண்டா?" யூத வீடுகளில் சைவ உணவு என்றால் முட்டை சேர்ந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். பஸ்கா சமையலில் மாவுக்குப் பதில் முட்டைதான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. நம் ஊர்ச் சைவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் மேசையில் பாதி அவருக்கு ஆகாது. அவருக்காகத் தனித்திட்டம் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

"எந்த அளவு கோஷர் பார்ப்பீர்கள்?" கோஷர் என்பது யூத உணவு விதி. கண்டிப்பாக ஆசாரம் பார்ப்பவர்கள் சாதாரண வீட்டுப் பாத்திரத்தில் சமைத்ததையோ, யூதர் அல்லாதவர் தனியாகச் சமைத்ததையோ சாப்பிடமாட்டார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். அவர்களுக்குக் கோஷர் முத்திரையிட்ட உணவை மூடியபடி வாங்கி, புதுத் தட்டில் வைத்துக் கொடுத்தால் மனம் நிறைந்து சாப்பிடுவார்கள். உங்கள் அடுப்பங்கரையைப் பற்றி இல்லாத ஒன்றை இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். இதில் பொய் சொல்வது விருந்தினருக்குச் செய்யும் துரோகம்.

கடைசியாகக் கொட்டை ஒவ்வாமை. பஸ்கா மேசை முழுக்க வால்நட்டும் பாதாமும் இருக்கும்.

2. விலக்கானவற்றை எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள்

ஹமெட்ஸ் என்பது கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் ஒன்று தண்ணீர் பட்டுப் புளிக்க நேரம் பெற்ற எதுவும். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டால்தான் அது மாட்சா. ஹமெட்ஸில் சமரசம் கிடையாது, அஷ்கனாசி, செஃபார்டி எல்லோருக்கும் அது விலக்கு.

கிட்னியோட் அடுத்த வரிசை: அரிசி, சோளம், கம்பு போன்ற சிறுதானியங்கள், எல்லாப் பருப்பும் பயறும், கொண்டைக்கடலை, பட்டாணி, சோயா, எள், கடுகு, கசகசா. சோயா விலக்கு என்றால் டோஃபுவும் விலக்கு. சைவத்துக்கு மாறிய உறவினர்கள் அடிக்கடி மறப்பது இதை.

நம் பக்கத்து ஆட்கள் சறுக்குவது தாளிப்பில். கடுகு, உளுந்து இரண்டும் கிட்னியோட். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும், அது ஹமெட்ஸே. வெந்தயத்தையும் பலர் கிட்னியோட்டில் சேர்க்கிறார்கள். சீரகம், சோம்பு, மல்லி விதை வீட்டுக்கு வீடு மாறும். ஒருமுறை உதவிக்கு வந்த தோழி, கேரட் பொரியல் சப்பென்று இருக்கிறதே என்று நல்லெண்ணெய் ஊற்றிக் கடுகு வெடிக்கவிட்டு, ஒரு சிட்டிகை பெருங்காயமும் போட்டுவிட்டார். முழுச் சட்டியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். அன்பால் செய்தது, ஆனால் மேசைக்கு வர வழியில்லை. அதிலிருந்து அஞ்சறைப் பெட்டியை அந்த வாரம் பெட்டியில் கட்டி மேலே ஏற்றிவிடுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாமல் நுழைபவை இன்னும் சில. சாதாரண பேக்கிங் பவுடரிலும் பொடித்த ஐசிங் சர்க்கரையிலும் சோளமாவு இருக்கும். வினிகரும் வெனிலா எசென்ஸும் தானிய ஆல்கஹாலில் செய்ததாக இருக்கலாம். இவற்றுக்குப் பஸ்கா முத்திரை உள்ள வகை கிடைக்கும்.

எது மிஞ்சும் என்று கேட்டால், நிறையவே மிஞ்சும். உருளை, சர்க்கரைவள்ளி, கேரட், பீட்ரூட், கீரை, கத்திரிக்காய், காளான், லீக், தேங்காய், கொட்டைகள், பால் பொருள், முட்டை, எல்லாப் பழமும். கீன்வா விதையைப் பெரும்பாலான அஷ்கனாசிகளும் இப்போது ஏற்கிறார்கள், முத்திரை பார்த்து வாங்க வேண்டும். எண்ணெய்க்கு ஆலிவ் எண்ணெய் தொல்லை இல்லாதது.

3. சுத்தம் முதலில், சமையல் பிறகு

புதியவர்கள் அதிகம் தலைகீழாகச் செய்வது இதைத்தான். நேரம் மிச்சமாகட்டும் என்று ஒரு வாரம் முன்பே சூப்பைக் காய்ச்சி உறைய வைத்துவிடுவார்கள். ஆனால் சப்பாத்தி மாவு பிசைந்த மேடையில், ரவை கிண்டிய கரண்டியால் காய்ச்சிய சூப் பஸ்காவுக்கு ஆகாது.

எங்கள் வீட்டில் ஐந்து நாள் முன்பு அலமாரி, குளிர்பெட்டி, அடுப்பு எல்லாம் துடைத்தாகிவிடும். மாவு, ரொட்டி, நூடுல்ஸ் தனி அலமாரிக்குப் போய்ப் பூட்டப்படும். பஸ்காவுக்கென்றே ஒரு பெரிய பானை, இரண்டு அவன் தட்டு, வெட்டுப் பலகை, கத்தி, கரண்டிகள் பெட்டியிலிருந்து இறங்கும். பழைய பாத்திரத்தைப் பஸ்காவுக்கு மாற்றுவதற்குத் தனி முறை உண்டு, அதை ஒரு ரப்பையிடம் (யூத மதகுருவிடம்) கேட்டுத்தான் செய்ய வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு மூன்று பாத்திரம் புதிதாக வாங்கி எடுத்துவைப்பதே எளிது.

4. பட்டியல்: காத்திருக்கத் தெரிந்த உணவு

செடர் இரவு 15 கட்டமாக நடக்கும். சாப்பாடு அதில் 11வது. அதற்கு முன் திராட்சை ரசத்தின் மேல் ஆசீர்வாதம், கை கழுவுதல், உப்புத் தண்ணீரில் தொட்ட காய், எகிப்திலிருந்து வெளியேறிய கதை, குழந்தைகளின் கேள்விகள் எல்லாம் உண்டு. கதை நீளும், நீள வேண்டும், அதற்காகத்தான் கூடுகிறோம். அதனால் சாப்பாடு 9 மணிக்கா 10 மணிக்கா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே நான் பட்டியலில் சேர்ப்பது இரண்டு மணி நேரம் அடுப்பில் சூடாக இருந்தாலும் கெடாத உணவை மட்டும். அப்போதே பொரித்துப் பரிமாற வேண்டிய எதையும் வைக்காதீர்கள். லீக் வடை போன்ற கெஃப்டெஸ் அருமையானது, ஆனால் கதை நடக்கும்போது நீங்கள் வாணலி முன் நிற்க நேரும். பண்டிகை ஆசாரம் பார்க்கும் வீடுகளில் இருட்டிய பிறகு புதிதாகத் தீ மூட்டுவதோ, மின்சாதனத்தைப் போடுவதோ கிடையாது. அங்கே அவன் முன்கூட்டியே இளஞ்சூட்டில் எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

எங்கள் பட்டியல்: உப்புத் தண்ணீரில் அவித்த முட்டை, காளான்-வால்நட் விழுது, மாட்சா உருண்டை சூப், கீரை மினா, உருளைக்கிழங்கு கூகல், கேரட் சிமெஸ், எலுமிச்சை பிழிந்த வெள்ளரி சாலட், பாதாம் கேக், பழம்.

இறைச்சி இல்லாத மேசை என்பதால் பாலும் பாலாடைக்கட்டியும் தாராளமாக வரலாம். இறைச்சியோடு பால் சேரக்கூடாது என்ற கோஷர் விதி இங்கே தலையிடாது. சைவ விருந்தின் பெரிய வசதி அது. வருபவர்களிடம் "கோழி எதுவும் கொண்டுவர வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவையுங்கள். ஒரு பாத்திரம் கோழி வந்தால் மேசையையே பிரிக்க வேண்டியிருக்கும்.

முட்டை சாப்பிடாதவருக்கு உருண்டை போடாத சூப்பில் அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகள், முட்டை சேர்க்கும் முன் எடுத்துவைத்த காளான் விழுது, காய் சேர்த்த கீன்வா, சிமெஸ், சாலட், பேரீச்சம்பழம் திணித்துச் சுட்ட ஆப்பிள். இது முழுத் தட்டு. "சாலட் இருக்கிறதே" என்று ஒருவரை உட்கார வைக்காதீர்கள்.

5. இரண்டு வாரம் முன்பு: கடைக்குப் போவது

மாட்சா, மாட்சா மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் மூன்றையும் முதலில் வாங்குங்கள். மாட்சா மாவு என்பது மாட்சாவைப் பொடித்த ரவை போன்ற தூள். கடைசி வாரத்தில் அலமாரி காலியாகிவிடும்.

மாட்சா பெட்டியில் பஸ்காவுக்கு உகந்தது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வருடம் முழுக்க விற்கும் சாதாரண மாட்சா ஆகாது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் தவறுவது உண்டு.

பாரெவே என்று எழுதிய பொருள் சைவம் என்று எண்ணிவிடாதீர்கள். பாலும் இறைச்சியும் இல்லை என்பதே அதன் பொருள், முட்டையும் மீனும் இருக்கலாம். கோஷர் ஜெலட்டினும் அப்படித்தான், பெரும்பாலும் மீனிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்தது. பாலாடைக்கட்டியில் ரென்னட் (பாலைத் திரிக்கும் பொருள்) எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். முதல் சல்லடையை மறந்துவிடும் இடம் இது.

ஒவ்வொருவருக்கும் நான்கு கோப்பை திராட்சை ரசம். சின்னக் கோப்பையாக 100 மில்லி என்று வைத்தாலும் பத்துப் பேருக்கு 4 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில் ஆறு. பாதியை மதுவற்ற திராட்சைச் சாறாக வாங்குங்கள், குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் அது செல்லும். ஆசாரமான விருந்தினர் இருந்தால் மெவுஷல் என்று குறித்த ஒயின் வேண்டும். அது சூடாக்கிப் பதப்படுத்தியது, யூதர் அல்லாதவர் ஊற்றினாலும் அவர்கள் குடிப்பார்கள். மற்ற ஒயினை நான் என் கையால் ஊற்றினால் அவர்கள் சங்கடப்படுவார்கள் என்று எனக்கு இரண்டாவது வருடம்தான் தெரிந்தது.

6. மூன்று நாள் முன்பு: சூப்

சைவ விருந்து தடுமாறுவது இந்தச் சூப்பில்தான். கோழிச் சூப்பின் பொன்னிறமும் கனமும் வராமல் காய் அலசிய தண்ணீராக நின்றுவிடும். இரண்டு காரணம்: காய்களை வதக்காமல் தண்ணீரில் போடுவது, அப்புறம் மணிக்கணக்கில் கொதிக்க விடுவது.

தோலோடு நான்காக வெட்டிய 3 வெங்காயம், 4 கேரட், 4 தண்டு செலரி, 2 பார்ஸ்னிப், ஒரு லீக், குறுக்கே வெட்டிய ஒரு முழுப் பூண்டு, 250 கிராம் காளான். பானையில் எண்ணெய் விட்டு வெங்காயத்தையும் கேரட்டையும் வெட்டுமுகம் கீழே படும்படி அடுக்கிக் கிளறாமல் விடுங்கள். ஓரம் கருஞ்சிவப்பாகும்வரை பொறுமை வேண்டும். இறைச்சி இல்லாத சூப்புக்கு ஆழம் தருவது இந்தச் சிவப்புதான்.

மற்றக் காய்களைப் போட்டு 4 லிட்டர் தண்ணீர், மிளகு, பார்ஸ்லி தண்டு சேர்த்து, மெல்லக் கொதித்தபடி ஒரு மணி நேரம். அதற்கு மேல் போனால் செலரியும் லீக்கும் மங்கலான கசப்பு தரும். வெங்காயத் தோல்தான் நிறம் கொடுக்கும், போதாவிட்டால் முத்திரை உள்ள மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். வடிகட்டி, உப்புப் போட்டு, ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். சதகுப்பை இலையைப் பரிமாறும்போது தூவுங்கள், முன்பே போட்டால் வாசம் செத்துவிடும்.

லீக்கின் அடுக்குகளுக்குள் மணல் இருக்கும். நீளவாக்கில் பிளந்து கழுவுங்கள். கீரை வகை எல்லாவற்றையும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, பூச்சி இருக்கிறதா என்று இலை இலையாகப் பார்ப்பது கோஷர் விதி. கண்டிப்பாகச் சைவம் பார்ப்பவருக்கும் அது நல்லதுதானே.

7. மாட்சா உருண்டை

8 முட்டையை அடித்து, அரை கப் எண்ணெய், அரை கப் சூப், இரண்டு தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள் சேர்த்து, இரண்டு கப் மாட்சா மாவைக் கலந்தால் சுமார் 24 உருண்டை வரும். கலவை முதலில் இட்லி மாவுபோலத் தளர்ந்து இருக்கும். பயந்து மேலும் மாவு கொட்டாதீர்கள். கல் மாதிரி உருண்டை வருவதற்கு முக்கியக் காரணம் அந்தப் பயம்.

மூடிக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மாவு ஈரத்தை உறிஞ்சி தானாக இறுகும். எடுத்துப் பார்த்தால் விரல் வைத்த இடத்தில் குழி அப்படியே நிற்கும், அதுதான் பதம்.

கையை நனைத்து, பெரிய நெல்லிக்காய் அளவில் உருட்டுங்கள். வெந்ததும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கொழுக்கட்டைக்குப் பிடிப்பதுபோல அழுத்த வேண்டாம், உள்ளங்கையில் லேசாகச் சுழற்றினால் போதும்.

உப்புப் போட்ட தண்ணீர் அகலமான பானையில் கொதிக்கட்டும். சூப்பிலேயே வேகவிட்டால் உருண்டைகள் பாதிச் சூப்பைக் குடித்துவிட்டு மீதியைக் கலங்கலாக்கிவிடும். உருண்டைகளைப் போட்டு மூடி, தீயைக் குறைத்து 35 முதல் 40 நிமிடம். மூடியைத் திறக்காதீர்கள். ஆவி போனால் நடு வேகாது. நேரம் முடிந்ததும் ஒன்றை எடுத்துப் பாதியாக வெட்டுங்கள். விளிம்பு முதல் நடுவரை ஒரே வெளிர்நிறமாக இருக்க வேண்டும். நடுவில் அடர்ந்த மஞ்சள் வட்டம் தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம்.

இதை முதல் நாளே செய்து கொஞ்சம் சூப் ஊற்றி மூடி வைக்கலாம்.

8. கீரை மினா

துருக்கி, கிரீஸ் பக்கத்துச் செஃபார்டி வீடுகளின் பஸ்கா உணவு இது. நனைத்த மாட்சாவை அடுக்கி, நடுவே கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடுவது. பருப்பு இல்லாத மேசையில் வயிறு நிறைக்கும் முதன்மை உணவு.

பசலைக்கீரை ஒரு கிலோ, வதக்கிய வெங்காயம் 2, ஃபெட்டா 400 கிராம், உதிர்ந்த புதுப் பாலாடைக்கட்டி 250 கிராம், மசித்த உருளைக்கிழங்கு அரை கிலோ, முட்டை 6, ஜாதிக்காய்த்தூள் சிறிது. ஃபெட்டா உப்பானது, உப்பைச் சுவைத்துப் பார்த்துச் சேர்க்கவும்.

கீரையை வதக்கி ஆறவிட்டு, ஒரு துணியில் கட்டி முறுக்குங்கள். பச்சைத் தண்ணீர் ஓடி நின்றபின் முடிச்சைத் திருப்பி இன்னொரு முறை முறுக்குங்கள். இரண்டாவது முறையும் கால் கப் வரும். அந்தக் கால் கப்தான் மினாவின் அடியைக் கஞ்சியாக்குவது.

மாட்சாவைத் தட்டையான பாத்திரத்தில் தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும். வளைத்தால் உடையாமல் வளைய வேண்டும், தூக்கினால் பிய்யக்கூடாது. எடுத்துத் துணியில் ஒற்றுங்கள். எண்ணெய் தடவிய 23க்கு 33 சென்டிமீட்டர் தட்டில் ஓர் அடுக்கு மாட்சா, பாதிக் கலவை, மாட்சா, மீதிக் கலவை, மேலே மாட்சா. அடித்த இரண்டு முட்டையை மேலே ஊற்றி 180 டிகிரியில் 45 நிமிடம், மேல்பக்கம் சிவக்கும்வரை. 15 நிமிடம் ஆறிய பிறகு வெட்டினால்தான் துண்டு நிற்கும்.

கலவையை முதல் நாள் செய்து வைக்கலாம். அடுக்குவது அன்று மதியம்தான், இரவெல்லாம் அடுக்கி வைத்தால் மாட்சா கூழாகும்.

9. கூட வருபவை

காளான்-வால்நட் விழுது ஈரல் விழுதுக்கு மாற்று. இரண்டு பெரிய வெங்காயம் நன்றாகச் சிவக்க வதங்க வேண்டும், அப்புறம் அரைக் கிலோ காளானின் ஈரம் முழுக்க வற்ற வேண்டும். வறுத்த வால்நட் ஒரு கப், அவித்த முட்டை 3 சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். கவனம்: இந்த மாற்று விழுதுக்கான குறிப்புகள் பல பருப்பிலோ பட்டாணியிலோ செய்யச் சொல்லும். அவை மற்ற நாட்களுக்கு.

கூகலுக்கு இரண்டு கிலோ உருளைக்கிழங்கையும் இரண்டு வெங்காயத்தையும் மாற்றி மாற்றித் துருவுங்கள், வெங்காயச் சாறு உருளை கறுப்பதைத் தாமதப்படுத்தும். பிழிந்து, 6 முட்டை, உருளை ஸ்டார்ச் 3 மேசைக்கரண்டி, உப்பு, மிளகு சேர்த்து, எண்ணெய் விட்டு அவனிலேயே சூடேற்றிய தட்டில் ஊற்றுங்கள். எண்ணெய் சீறினால் ஓரம் மொறுமொறுவென வரும். 200 டிகிரியில் ஒரு மணி நேரம். மாட்சா மாவு சேராததால் கெப்ராக்ட்ஸ் பார்ப்பவர்களும் சாப்பிடலாம்.

சிமெஸ் எளிது: கேரட், சர்க்கரைவள்ளி, உலர்ந்த ப்ளம், ஆரஞ்சுச் சாறு, பட்டை, கொஞ்சம் தேன். இரண்டு நாள் முன்பே செய்தால் சுவை கூடும்.

10. செடர் தட்டு

தட்டில் எலும்பு, சுட்ட முட்டை, கசப்பு, பச்சை, ஹரோசெட் ஆகியவை இருக்கும். பெரும்பாலும் இரண்டாவது கசப்பாக ரோமைன் லெட்டூஸும்.

ஸ்ரோவா எனப்படும் எலும்புக்குப் பதில் சுட்ட பீட்ரூட் வைக்கிறோம். இது நவீன சமாதானம் இல்லை. பழைய யூதச் சட்ட நூலான தால்முட்டில் பெசாகிம் பகுதியில் செடருக்கான இரண்டு சமைத்த உணவு எவை என்ற கேள்விக்கு, ரவ் ஹூனா என்ற அறிஞர் பீட்டும் அரிசியும் என்று சொல்கிறார். யாராவது "எலும்பு எங்கே" என்று கேட்டால் சொல்ல இது உதவும், பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள். பீட்ரூட்டைத் தோலோடு சுட்டு, தட்டில் வைக்கும் முன் முழுக்க ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் சிவப்பு ஓடி முட்டைவரை போய்விடும்.

கசப்புக்கு ஹார்ஸ்ராடிஷ் கிழங்கு. அன்று மதியம் தோல் சீவி, ஜன்னலைத் திறந்துவைத்துத் துருவி, உடனே கண்ணாடி ஜாடியில் மூடுங்கள். திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் காரம் போய் வெறும் நாராகும். முகத்தை மேலே வைத்துக்கொண்டு துருவாதீர்கள், வெங்காயத்தைவிடப் பலமடங்கு கண்ணைக் கரிக்கும்.

ஹரோசெட்: 6 ஆப்பிள், 150 கிராம் வால்நட், பட்டைத்தூள், இனிப்பான சிவப்பு ஒயின். எகிப்தில் அடிமைகளாகச் செய்த செங்கல் வேலைக்கான சாந்தை நினைவூட்டும் உணவு என்பதால் கையால் பொடிப்பொடியாக நறுக்குங்கள், மிக்ஸியில் போட்டால் கூழ். ஈராக் வழி வந்தவர்கள் பேரீச்சம்பாகில் வால்நட்டைத் தூவிச் செய்வார்கள், அது நம் நாக்குக்கு இன்னும் நெருக்கம். இரண்டும் வையுங்கள். கொட்டை ஒவ்வாதவருக்குக் கொட்டையில்லாமல் ஒரு சின்னக் கிண்ணம் தனியாக, தனிக் கரண்டியோடு.

11. அந்த நாள்

பண்டிகைக்கு முந்தின பகலில் காலைக்கு மேல் ரொட்டி கிடையாது, செடர் வரை மாட்சாவும் சாப்பிடுவதில்லை. வீட்டில் இருப்பவர்கள் மதியம் பட்டினி கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவித்த உருளை, தயிர், பழம் தயாராக இருக்கட்டும். டொரோண்டோவில் ஏப்ரலில் சூரியன் மறையவே இரவு 8 மணி நெருங்கும். குழந்தைகளும் முதியவர்களும் அதுவரை தாங்கமாட்டார்கள்.

மதியம் 2 மணிக்கு மினாவை அடுக்கிச் சுடுங்கள். 4 மணிக்கு மேசை: மூடிய மூன்று மாட்சா, செடர் தட்டு, உப்புத் தண்ணீர் நாலைந்து கிண்ணம், செடரில் வாசிக்கும் ஹகாதா புத்தகம் ஆளுக்கொன்று. 6 மணிக்குள் எல்லாம் அவனில் 90 டிகிரியில், மேலே மூடிபோட்டு. சூப் மிகச் சிறிய தீயில்.

மூன்றாவது கட்டமான கர்பஸில் பார்ஸ்லியை மட்டும் கொடுத்தால் ஒரு கிள்ளுத்தான். எங்கள் வீட்டில் அவித்த சின்ன உருளைக்கிழங்குகளையும் அதோடு வைத்துவிடுகிறோம், உப்புத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிடலாம். கதை கேட்கும் பொறுமை இதில்தான் வருகிறது. ஆனால் அளவு பார்க்கும் வீடுகளில் கர்பஸைச் சிறு துண்டாக வைத்துக்கொள்வார்கள், வீட்டுப் பெரியவரிடம் கேட்டுவிடுங்கள்.

பழங்கால அறிஞர் ஹிலேல் வழியில் மாட்சாவுக்குள் கசப்பு வைத்து, ஹரோசெட்டும் சேர்த்துச் சாப்பிடுவது பத்தாவது கட்டம். அது தொடங்கியதும் எழுந்து போய்ச் சூப்பின் தீயைக் கூட்டுங்கள், உருண்டைகளை அதில் இறக்குங்கள். முட்டை பரிமாறி முடிப்பதற்குள் சூடாகிவிடும்.

12. இனிப்பு எப்போது

முதல்முறை நடத்துபவர்கள் எல்லோரும் தவறுவது இதில். சாப்பாடு முடிந்து, பாட்டுப் பாடி, நிதானமாகக் கேக்கும் காபியும் கொடுக்கலாம் என்று வைத்திருப்பார்கள். அதற்குள், பெரியவர்கள் ஒளித்துவைத்த அஃபிகோமன் மாட்சாவை (விருந்தின் கடைசியில் சாப்பிடும் துண்டு) குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், எல்லோரும் ஒரு துண்டு சாப்பிட்டிருப்பார்கள். அஃபிகோமனுக்குப் பிறகு அந்த இரவில் எதுவும் சாப்பிடக்கூடாது. மீதி இரண்டு கோப்பையும் தண்ணீரும் மட்டுமே. வெட்டாத கேக் சமையலறையில் நிற்கும்.

ஆகவே மினா தட்டுகளை எடுத்தவுடன் இனிப்பைக் கொண்டுவாருங்கள். அவித்த ஆரஞ்சை அரைத்துப் பாதாம் தூளோடு முட்டையில் செய்யும் கேக் இரண்டு நாள் முன்பே செய்தால் இன்னும் ஈரமாகும். முட்டைவெள்ளையும் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்துச் சுடும் மக்ரூன் இன்னொன்று. முட்டை சாப்பிடாதவருக்குச் சுட்ட ஆப்பிள் அதே நேரத்தில், அதே மாதிரித் தட்டில். எல்லோரும் சாப்பிட்டாகிவிட்டதா என்று மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பிறகு குழந்தைகளைத் தேட அனுப்புங்கள்.

இஸ்ரேலுக்கு வெளியே பெரும்பாலோருக்கு மறுநாள் இரவும் செடர். மீந்த உருண்டைகளைச் சூப்பிலிருந்து எடுத்துத் தனியாக மூடி வையுங்கள், சூப்பிலேயே விட்டால் காலையில் சூப் இருக்காது. ஹார்ஸ்ராடிஷ் மட்டும் புதிதாகத் துருவ வேண்டும். பண்டிகை நாளில் துருவுவதில் ஆசாரக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், நாத்தனார் வீட்டில் இரண்டு இரவுக்கும் சேர்த்து முன்பே துருவி இரண்டு ஜாடியாக இறுக மூடி வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது ஜாடியை மேசையில் வைத்த பிறகுதான் திறப்பார்கள்.